நுன்சியா போட்டிருந்த கோட்

படங்களைத் தொடுவதற்கு முன் கையுறை போடவேண்டும் என்று எமானுவேலே சொன்னான். வெள்ளைப் பருத்திக் கையுறை. மேசையில் அதை என் பக்கமாகத் தள்ளிவிட்ட விரல்கள் வாசனைத் தைலம் மணத்தன. கையில் உள்ள எண்ணெய் பட்டால் பழைய படங்கள் பழுதாகிவிடும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கமும் சொன்னான். பதினொரு வருடம் அந்தப் படங்களை நான் வெறுங்கையால்தான் எடுத்திருக்கிறேன். சூப் சிந்தியபோது என் சட்டையின் ஓரத்தால் துடைத்திருக்கிறேன். அவனுடைய தாயின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு, கையைக் கழுவி, அந்த ஈரம் காயுமுன்னே படப் பெட்டியைத் திறந்திருக்கிறேன். அந்தப் பதினொரு வருடத்தில் அவன் தாயைத் தொட்டதை வருடத்தில் ஒருதரம், நத்தார்ப் பண்டிகைக்குத்தான் கண்டிருக்கிறேன். அதுவும் கன்னத்தோடு கன்னம் படாமல், காற்றில் ஒரு முத்தம். நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

மலம், சீழ், வாந்தி எதைக் கண்டும் எனக்கு அருவருப்பு வருவதில்லை. பலேர்மோவுக்கு வந்த இருபத்தேழு வருடத்தில் நாலு வயோதிபர்களைக் கழுவித் துடைத்து, உடுப்புப் போட்டுச் சவப்பெட்டியில் அனுப்பிவைத்திருக்கிறேன். மூக்கு இரண்டாம் நாளே பழகிவிடும். மனிதர்கள் செத்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள் வந்து கொட்டுகிற அன்புதான் எனக்கு இன்னும் பழகவில்லை. அந்த நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தாலும் போதாது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்ருதி இருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். எமானுவேலே அவளைத் தேடிப் பிடித்ததற்கும், அவள் என்னைத் தேடிப் பிடித்ததற்கும் நான் பென்சிலால் கிறுக்கியதுதான் காரணம்.

எமானுவேலேயின் தாய் நுன்சியா. நுன்சியாவின் புருஷன் படம் பிடிக்கிறவர். மாசிமோ தெயாத்ரோ என்கிற பெரிய அரங்குக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒரு காலம் சின்னச் சின்ன நாடக அரங்குகள் நாலைந்து இருந்தனவாம். இப்போது ஒன்று கார் விடுகிற இடம், ஒன்று சுப்பர்மார்க்கெட், மற்றவை எவை என்று சொல்ல ஆளில்லை. அந்தத் தெருக்களையும், அங்கே ஆடினவர்கள், பாடினவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், வாசலில் கடலை விற்றவர்கள் எல்லாரையும் அந்த மனிதர் எடுத்த படங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. புருஷன் போய் முப்பது வருடத்துக்குப் பிறகு நுன்சியாவுக்கு ஞாபகம் மங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, படத்தில் நிற்கிறவர்களின் பெயர்களை எனக்குச் சொல்லித்தருவா. மறுநாள் கேட்பா. பிழையாகச் சொன்னால் தேநீர்க் கரண்டி பறந்து வரும். எனக்கு இத்தாலியன் பேச வரும், எழுத வராது. அதனால் படங்களின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தேன். பெயர் மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. நுன்சியா சொன்ன வம்பு, அதற்கு என்னுடைய அபிப்பிராயம் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன்.

தாய் செத்த அன்றைக்கே எமானுவேலே வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டான். என்னுடைய வீட்டுச் செருப்புக்கூட உள்ளேதான் கிடந்தது. ஒரு வருடம் கழித்து, பழைய படங்களில் தெயாத்ரோத் தெருக்களின் வரலாறு என்று கால்சாப் பகுதியில் ஒரு கண்காட்சி வைக்க அவனுக்கு எண்ணம் வந்திருக்கிறது. அவன் அவொக்காத்தோ, சட்டத்தரணி, ஊரில் நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்தவன். ஆனால் படத்தில் இருப்பவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. பெயர் இல்லாவிட்டால் அவை வெறும் சுவரும் தொப்பியும்தான். படங்களைத் திருப்பிப் பார்த்தால் எல்லாப் பெயரும் தமிழில் இருக்கிறது. ஸ்ருதிக்கு எழுத்து விளங்கியது, நான் எழுதிய கதை விளங்கவில்லை.

"ஆன்ட்டி, இந்த மீசைக்காரர் பின்னாடி 'விசரன்'னு எழுதியிருக்கீங்க. அது அவர் பேரா?" என்று முதல் நாள் போனில் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அவருக்குக் கொஞ்சம் பைத்தியம். அதைத்தான் எழுதினனான்."

அப்படித்தான் நான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். நான் வாசிக்க வாசிக்க ஸ்ருதி இத்தாலியனில் எழுதினாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் மொழிபெயர்ப்பு சரி என்று அவள் கையெழுத்து வைக்கவேண்டும். எமானுவேலே பக்கத்தில் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஓம், அவரைத் தெரியும். ஓம், அவவைத் தெரியும், பாவம். தெரிந்தவன் பிறகு ஏன் எங்களைக் கூப்பிட்டான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு தடித்த மனிதனும் நாயும் நிற்கிற படம் வந்தது. பின்னால் 'பெயர் தெரியாது, நாய் கடிக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். என்ன பேய் பிடித்ததோ, வாயில் வந்ததைச் சொன்னேன். இவர் பியெத்ரோ, சியாகுல்லித் தோட்டத்திலிருந்து மண்டரின் பழம் கொண்டுவந்து தெயாத்ரோ வாசலில் விற்றவர், சின்ன வயதில் உங்களைத் தோளில் தூக்கித் திரிந்தவர் என்றேன். எமானுவேலேயின் கண் கலங்கியது.

"பியெத்ரோ மாமா," என்றான். "அவருடைய சட்டையின் வாசம்கூட ஞாபகம் இருக்கிறது."

ஸ்ருதி பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அடுத்த படத்தை எடுத்தேன். சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. கையுறைக்குள் விரல்கள் வேர்த்துப் பிசுபிசுத்தன.

அடுத்த படம் அதுதான். தெயாத்ரோ வாசல்படியில், முழங்காலுக்குக் கீழே இறங்கும் உரோமக் கோட் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிக்கிற ஒரு பெட்டை. பத்தொன்பது வயது. அப்படியொரு சிரிப்பை நான் என் வாழ்நாளில் எவர் முகத்திலும் நேரில் கண்டதில்லை. எமானுவேலே எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். இதைத்தான் பெரிதாக அடித்துக் கண்காட்சி மண்டபத்தின் வெளிச்சுவரில் தொங்கவிடப் போகிறானாம். வாசகமும் தயாராம்: முதல் காட்சிக்கு வந்த சீமாட்டி, என் தாய்.

நுன்சியா சீமாட்டி இல்லை. அந்த அரங்கில், வருகிறவர்களுடைய கோட்டுகளை வாங்கிக் கொழுவிவைக்கிற பெட்டை. ஒருநாள் நாடகம் உள்ளே நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் வாசலுக்கு வந்திருக்கிறா. தெருவில் படம் பிடித்துக்கொண்டு நின்றவன் சிரி என்றான், சிரித்தா. கோட்டுக்குச் சொந்தக்காரி தலையிடி என்று இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டாள். படியில் வைத்தே கழற்றச் சொன்னாள். கழற்றியதை வாங்கி, நுன்சியாவின் கழுத்துப் பட்ட இடத்தைக் கைலேஞ்சியால் துடைத்தாளாம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. அன்றைக்கே வேலை போனது. அந்தத் தெரு முழுக்கக் கள்ளி என்ற பெயர் வந்தது. படம் பிடித்தவன் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவனையே நுன்சியா கட்டினா. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். படத்தை அவன் கையிலிருந்து வாங்க வேறு வழி இருக்கவில்லை என்றா.

இதை எனக்குச் சொன்னது ஒரு நாள் முதுகு கழுவும்போது. மகனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, படத்தைக் கிழி என்றா. நான் கிழிக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆளின் படத்தைக் கிழிப்பது எங்கள் பக்கத்தில் ஆகாத காரியம். நீங்கள் போனபிறகு கிழிக்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். மறக்காமல் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அவ போன அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் நின்றேன். திரும்பி வந்தால் கதவு பூட்டியிருந்தது.

"அவொக்காத்தோ, உந்தப் படத்தை ஒருத்தருக்கும் காட்டவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ," என்றேன்.

அவன் சிரித்தான். "எந்தப் பெண்ணுக்குத்தான் தன் படம் பிடித்திருக்கிறது, சாந்த்ரா?"

சந்திரமதி என்று சொல்ல அவர்களுக்கு ஒருநாளும் நாக்கு வளைந்ததில்லை.

"கிழிக்கச் சொன்னவ."

"நல்ல காலம், நீ கிழிக்கவில்லை," என்று என் தோளைத் தட்டினான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கதையைச் சொன்னால் ஒருவேளை படத்தை எடுத்துவிடுவான். ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் அந்த மனுசி மகனிடமிருந்து மறைத்ததை அவனுடைய மேசையிலேயே நான் கொட்டியதாகிவிடும். சொல்லாவிட்டால் ஊரே பார்க்கச் சுவரில் தொங்கும். ஸ்ருதி படத்தை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு யோசிக்க நேரமில்லை. பியெத்ரோ மாமாவை நம்பினவன் இதையும் நம்புவான் என்ற ஒரு துணிவுதான்.

"அது உங்கடை அம்மா இல்லை," என்றேன். "அங்கை கோட் வாங்கி வைச்ச ஒரு பெட்டை. ஆரோ ஒருத்தியின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பிடிபட்டவளாம். கள்ளி எண்டு துரத்திப்போட்டினமாம். அம்மாதான் சொன்னவ."

எமானுவேலே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்தப் பெட்டையின் நாடிதான் அவனுடைய நாடி. காதும் அதே காது. கண்ணாடி பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

"உண்மைதான்," என்றான். "அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்ததே இல்லை."

எனக்கு மூச்சு வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல். அதற்குள் அவன் முகம் மலரத் தொடங்கியது. லாத்ரா, என்று ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கள்ளி. பிறகு இன்னொரு தரம், வாயில் இனிப்பு ஒன்றைப் புரட்டுவதுபோல. சீமாட்டியைப் பார்க்க யார் வருவார்கள், கள்ளியைப் பார்க்க எல்லாரும் வருவார்கள் என்றான். ஸ்ருதியிடம் திரும்பி, அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று கேட்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சீ, என்றாள், அவர்கள் பாஷையில் ஓம் என்று. அந்த நேரத்தில் அது எனக்குத் தமிழில்தான் கேட்டது.

படியிறங்கும்போது ஸ்ருதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, அதுல அப்படி எழுதலையே. 'இது தான்தான் என்று சொன்னவ, ஒருவருக்கும் காட்டக்கூடாது'ன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. நான் கையெழுத்து வேற போட்டுட்டேன்."

"ஓம்."

"இப்பவே போய் உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொன்னால் கள்ளி எண்டு போட்டதுக்குப் பக்கத்திலை தாயின்ரை பேரையும் சேர்த்துப் போடுவான், பிள்ளை. அவனுக்குக் கதைதான் வேணும்."

பேருந்தில் வரும்போதுதான் கண்டேன், ஒரு கையுறை இன்னும் என் கையிலேயே இருந்தது. கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டேன். கள்ளி என்று அந்தத் தெருவில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் செத்து, அந்தச் சொல்லும் செத்துக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துப் பல்லும் விளக்கி மகன் கையில் கொடுத்தது நான். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன்.

கண்காட்சி திறந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை முற்பகல் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஒன்று நின்றது, கால்சா முழுக்க அரைக்காற்சட்டைக்காரர்கள். மண்டபத்தின் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு நுன்சியா சிரித்துக்கொண்டிருந்தா. நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் லா லாத்ரா. உள்ளே மற்றப் படங்களுக்கு முன்னால் ஆளே இல்லை. பாட்டுக்காரர்களும் கடலைக்காரர்களும் விசரனும் தனியாகத் தொங்கினார்கள். சனமெல்லாம் ஒரு மூலையில் வரிசையாக நின்றது. அங்கே தெயாத்ரோவின் வாசல்படியை மரத்தில் செய்துவைத்து, பக்கத்துக் கொழுக்கியில் ஒரு உரோமக் கோட்டும் மாட்டியிருந்தார்கள். எடுத்துப் போட்டுக்கொண்டு, படியில் ஏறி, கள்ளியைப் போலத் தலையைச் சாய்த்துச் சிரித்துப் படம் எடுக்கலாம். ஒரு ஜெர்மன்காரி சிரித்தாள். அவள் புருஷன் போலீஸ்காரன் மாதிரி அவள் கையைப் பிடித்தான். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு தாயும் மகளும். கதவடியில் எமானுவேலே நாலு பேரோடு நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தான். பியெத்ரோ மாமா என்ற சொல் காதில் விழுந்தது.

நான் வரிசையில் நின்றேன் என்பது என் முறை வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அங்கே நின்ற இளம்பெண் கோட்டை என் தோளில் போட்டுவிட்டாள். பிளாஸ்ரிக் உரோமம். முன்னால் போட்ட இருபது முப்பது பேருடைய வேர்வை கழுத்துப் பட்டியில் ஈரமாக இருந்தது. படியில் ஏறினேன்.

"சிரியுங்கள், சிஞ்ஞோரா," என்று அவள் கைபேசிக்காகக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

சிரிக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தப் பெண் முதலில் புன்னகையோடு, பிறகு புன்னகை இல்லாமல், கோட்டைக் கழற்றித் தரச் சொன்னாள். எமானுவேலே பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். என்னை அடையாளம் கண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு வரத் தொடங்கினான்.

"சாந்த்ரா," என்றான், எல்லாருக்கும் கேட்க. "கழற்று. ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

நான் கீழேயிருந்து மேலாக, ஒவ்வொன்றாக, பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினேன்.