நனைந்த இரும்பு

குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்தது. துடியலூர் வீட்டு அடுப்படியில் நின்றபடியே வெங்கடலட்சுமி அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். கடலோரத்துக் கதை. படகின் அடிப்பலகையில் விரிசல் விட்டிருந்ததைப் படகுக்காரன் மனைவி பார்த்துவிட்டாள். புருஷன் வள்ளென்று விழுவானே என்று வாயை மூடிக்கொண்டாள். படகில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. இப்போது கரையில் நடந்துகொண்டே இருக்கிறாள், எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான். "நான் பார்த்தேனே, ஏன் சொல்லலை?"

வெங்கடலட்சுமிக்கு எந்தக் கதையும் எழுத்தாக உள்ளே போகாது, பேச்சாகத்தான் கேட்கும். அந்தக் குரல் அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டது. வாணலியில் எண்ணெய் ஊற்றினாள், கடுகு போட மறந்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். ராத்திரி பெய்த மழையில் தெரு இன்னும் சொதசொதவென்று கிடந்தது.

அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. முந்தாநாள் புருஷனின் இரும்பு வார்ப்புப் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனபோது அவளும் ஒன்றைப் பார்த்திருந்தாள். உருக்குவதற்கு வாங்கிய பழைய இரும்பெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது, மேலே போட்ட தார்பாய் நார்நாராகக் கிழிந்திருந்தது. ஆட்கள் முன்னால் கேட்டால் புருஷன் ராமுலுவுக்கு ஆகாது. சோற்றுத் தூக்குப்போசியை வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டாள். உருகிய இரும்புக்குள் ஒரு கை தண்ணீர் போனாலும் வெடித்துத் தெறிக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன் போட்டாள். உலை ஓடும்போது அவர் எடுக்கமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, படித்த பக்கத்துக்குள் விரலை வைத்தபடியே பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

பட்டறைக்குள் உலை உறுமிக்கொண்டிருந்தது. உலை மேடைமேல் நின்று வேலையாள் யூனுஸ் இரும்பை எடுத்து எடுத்து உலைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஒலையை நிறுத்தச் சொல்லுங்க."

ராமுலு திரும்பினார். "சோறு எங்கே?"

"மழையில நனைஞ்ச இரும்புங்க அது."

"அதெல்லாம் காஞ்சுபோச்சு." அவர் கண் புத்தகத்தின்மேல் விழுந்தது. "ஏ அம்மணி, கதையைப் படிச்சுப்போட்டா ஓடியாந்தே? அதுல ஆரு செத்தா?"

யூனுஸ் மேலிருந்து சிரித்தான். "ஏனுங்கக்கா, போன மாசம் சீரியலுக்கு அழுதீங்க. இப்ப ஒலைக்கா?"

"படகுல போனவங்கதானுங்க செத்தாங்க," என்றாள், ராமுலுவைப் பார்த்தே. "பாத்தவ கரையிலதான் இருந்தா."

யூனுஸின் சிரிப்பு பாதியில் நின்றது. ராமுலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வெளியே கிடந்த இரும்புக் குவியலண்டை போய்விட்டாள். குடம்போல் குழிந்த பழைய பம்ப் கேசிங் ஒன்றைப் புரட்டப் பார்த்தாள், ஒரு கையால் அசையவில்லை. மறுகை புத்தகத்தை விடவில்லை. யூனுஸ் இறங்கி வந்தான்.

"தள்ளுங்கக்கா."

மேலே தொட்டால் வெயில் சுட்டது. கவிழ்த்தான். உள்ளேயிருந்து துரு கரைந்த செந்தண்ணீர் கொடகொடவென்று கொட்டி, மண்ணில் வழி பிடித்து ஓடி, ராமுலுவின் செருப்பை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

மூன்று பேரும் மேடைமேல் ஏறிப் பார்த்தார்கள். உலையின் விளிம்பில், அடுத்ததாகப் போட எடுத்து வைத்திருந்த கேசிங் ஒன்று வாய் மேலாக உட்கார்ந்திருந்தது, உள்ளே தேங்கிய தண்ணீரில் கூரைத் திறப்பின் வானம் துண்டாக மின்னியது.