மகளிடம் சொல்ல ஒரு சொல்

பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஜெனிற்றா சனிக்கிழமைகளில் இங்கிலிஷ் சொல்லிக்கொடுத்தாள். வருகிறவர்கள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். லான் ஒருத்திதான் சீனப் பெண், அதுவும் ஐம்பதைத் தொட்டவள். அதே தெருவில் கொஞ்சம் கீழே, நகம் பூசும் கடையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் போனபின் நகப்பூச்சு மணத்தோடு வந்து முன்வாங்கில் உட்காருவாள். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருடைய பிரெஞ்சும் அரைகுறைதான்.

அன்று லான் கைத்தொலைபேசியை நீட்டினாள். அதில் அகராதி திறந்திருந்தது. 'அபாண்டன்' என்று தட்டினாள். கீழே இரண்டு சீன எழுத்துகள் வந்தன. 'கிவ் அப்' என்று தட்டினாள். அதே இரண்டு எழுத்துகள். 'ரெலின்குவிஷ்', 'ஃபோர்சேக்', எதைத் தட்டினாலும் அதே இரண்டுதான்.

"எல்லாம் ஒன்றென்றால் இங்கிலிஷ்காரனுக்கு ஏன் இத்தனை சொல்?"

ஜெனிற்றா மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலிஷ் படித்தவள். இது தனக்குக் கைவந்த பாடம் என்று நினைத்து உற்சாகமாகத் தொடங்கினாள். அபாண்டன் என்றால் திரும்பிப் பாராமல் விட்டுப்போவது, தாழும் கப்பலை விடுவதுபோல. ரெலின்குவிஷ் என்றால் உரிமையையோ பதவியையோ மனமில்லாமல் விடுவது. ஃபோர்சேக் மாதாகோயில் பூசையில் கேட்கிற சொல், நகக் கடைக்குத் தேவைப்படாது. கிவ் அப் எல்லாவற்றுக்கும் உதவும்: சிகரெட்டை விடலாம், பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் 'ஒன்' (on) என்ற சின்னச் சொல் பின்னால் ஒட்டிக்கொண்டால் கவனம். கிவ் அப் ஒன் என்றால் ஒருவர் உருப்படுவார் என்ற நம்பிக்கையே அற்றுப்போவது.

லான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளையை என்றால் எந்தச் சொல்?" என்றாள்.

"எந்தப் பிள்ளையை?"

"என் பிள்ளையை."

அதன்பிறகுதான் கதை வெளியே வந்தது. லானும் கணவனும் விசா இல்லாமல் பிரான்சுக்குப் புறப்பட்டபோது மகள் யுன்னுக்கு மூன்று வயது. அந்தப் பயணத்தில் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. கணவனின் அண்ணனும் பெண்சாதியும் பிள்ளை இல்லாதவர்கள். மான்செஸ்டருக்குக் குடிபோக இருந்தார்கள். யுன்னைத் தத்தெடுத்துக்கொண்டு போனார்கள். வளர வளர யுன்னுக்குச் சீனம் மறந்துபோயிற்று. போன மாதம் எங்கேயோ எண் எடுத்து, பெற்றவளை முதன்முதலாக அழைத்தாள்.

"ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பயத்தில் யெஸ், யெஸ் என்றேன். அவள் வைத்துவிட்டாள். ஒரு சொல்லின் சத்தம் மட்டும் காதில் நின்றது. தேடிப் பார்த்தேன்." லான் அகராதியில் முதலில் தட்டிய சொல்லைக் காட்டினாள். "என்னை அபாண்டன் செய்தாயா என்று கேட்டிருக்கிறாள். நான் ஆம் என்றிருக்கிறேன்."

அதற்குப் பிறகு யுன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லண்டன் ரயிலில் வருகிறாள், அன்று மாலையே திரும்பிப் போகிறாள்.

ஜெனிற்றாவுக்குச் சற்றுமுன் தெளிவாக இருந்ததெல்லாம் கலங்கிப்போனது. சார்செலில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து லானின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. தமிழிலாவது பிடிபடுகிறதா என்று புருஷனிடம் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, கைவிடுறதுக்கும் விட்டுக்குடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

றொஜர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். "நம்பி இருக்கிற ஆளைக் கைவிடுறது. சண்டை பிடிக்கிற ஆளுக்கு விட்டுக்குடுக்கிறது. ஏன், எனக்கு ரெண்டில எதைச் செய்யப்போறீர்?"

"பகிடி விடாதேங்கோ. மூண்டு வயசுப் பிள்ளையை ஆரிட்டையும் குடுத்தா?"

அவன் அடுப்பைத் தணித்தான். "அது குடுத்தவைக்கு ஒரு சொல்லு, அந்தப் பிள்ளைக்கு வேற சொல்லெல்லோ?"

அது அவளை இன்னும் குழப்பிவிட்டது.

கடைசியில், ஞாயிறு காலை, ஜெனிற்றாவும் லானும் கிவ் அப் என்றே வைத்துக்கொண்டார்கள். 'ஐ கேவ் யூ அப், ஐ டிட் நொட் அபாண்டன் யூ.' கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்போதும் லான் அதைச் செபம்போல முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

யுன் உயரமானவள். தோளில் ஒரு பை, முகத்தில் சிரிப்பில்லை. கையைத்தான் நீட்டினாள். லான் அந்தக் கையைப் பிடித்தபடி சொன்னாள்:

"ஐ கேவ் அப் ஒன் யூ."

யுன்னின் கை சட்டென்று விலகியது.

"'ஒன்' இல்லை! 'ஒன்' வரக்கூடாது!" ஜெனிற்றா குறுக்கே பாய்ந்தாள். தான் யார் என்பதையும், நடந்த பிழையையும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"சரி. 'ஒன்'னை எடுத்துவிட்டால் அது நல்லதா?" என்று யுன் இங்கிலிஷில் கேட்டாள்.

ஜெனிற்றாவுக்குக் கப்பலும் பஸ்ஸும் சிகரெட்டும்தான் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தெரியவில்லை," என்றாள். பிறகு லான் பக்கம் திரும்பினாள். "சொல்லைத் தேடாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லுங்கள்."

லான் பிரெஞ்சில் சொன்னாள். ஜெனிற்றா துண்டு துண்டாக இங்கிலிஷில் சொன்னாள். நீ நித்திரை. உன்னைக் காரில் பெரியம்மாவின் மடியில் கிடத்தினேன். கார் போய்விட்டது. பார்த்தால் உன் சப்பாத்து ஒன்று தரையில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தியில் கார் நின்றது. கண்ணாடியில் தட்டி, கதவைத் திறக்கச் சொல்லி, காலில் மாட்டிவிட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். மறுபடி தூங்கிவிட்டாய்.

பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்கள்.

"பெற்றவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள், வெளியே வரவே இல்லை என்றுதான் மான்செஸ்டரில் சொன்னார்கள்," என்றாள் யுன். "எந்தக் கால்?"

"இடது," என்றாள் லான். உடனே, "இல்லை, வலது." பிறகு தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தாள். "தெரியவில்லை. ஐயோ, எனக்குத் தெரியவில்லை," என்று அங்கேயே உடைந்து அழுதாள்.

லான் சொன்னது பொய்யானால் ஒரு காலைச் சட்டென்று சொல்லியிருப்பாளே என்று ஜெனிற்றாவுக்குத் தோன்றியது. உண்மையானால் மறக்குமா என்றும் தோன்றியது. யுன்னும் அதையே நினைத்தாளோ என்னவோ, அழுகிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து கடதாசித் துவாய் எடுத்துக் கொடுத்தாள். "பசிக்கிறது," என்றாள்.

மூவரும் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். உறைப்பில் யுன்னுக்குக் கண்ணீர் வந்தது. லான் தன் தண்ணீரையும் அவள் பக்கம் தள்ளினாள். தான் எழுந்து போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்று ஜெனிற்றாவுக்குப் புரியவில்லை. எழப்போனபோது லான் அவள் கோட்டைப் பிடித்தாள். மறுபக்கம் யுன், போகலாம், நாங்கள் சமாளிப்போம் என்பதுபோலத் தலையசைத்தாள். ஜெனிற்றா எழுந்து போனாள்.

யுன் அன்று மாலை ரயிலில் போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை வந்து போயிருக்கிறாள். லானை அம்மா என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அது கோபமா, இங்கிலாந்து வழக்கமா என்று லான் ஒரு சனிக்கிழமை கேட்டாள். "அதை அவளிடமே கேளுங்கள்," என்றாள் ஜெனிற்றா.