பிரிசில்லா எழுதிய மழை

பன்னிரண்டு புள்ளி நான்கு என்று பென்சிலால் எழுதிவிட்டு பிரிசில்லா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். ஏதோ இடித்தது. நான்கை அழித்து ஆறாக்கினாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. இப்போது சரியாக இருந்தது. இரவெல்லாம் அவசரமில்லாமல் பெய்து, விடிவதற்கு முன்பு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட மழையின் அளவு அது. அதன்மேல் பேனாவால் எழுதி, மழைப் பதிவேட்டை மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு, தான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பதினோராம் அத்தியாயத்துக்குத் திரும்பினாள். மணி எட்டரை. மழைமானி இருந்த மேட்டுக்கு அவள் அன்றைக்கும் போகவில்லை.

அப்பா இறந்ததனால் கிடைத்த வேலை அது. அரசாங்கத்தில் இருந்த அப்பா பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட, கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கொடுத்து, இரண்டாயிரத்து மூன்று தை மாதத்தில் கொல்லிமலையில் ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். திருச்சி பாலக்கரையில் அம்மா அந்தச் சம்பளத்தை நம்பி இருந்தாள். பகலில் பண்ணை ஆபீசில் எழுத்து வேலை. அதற்கு முன்னால், காலை எட்டரைக்கு, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறும் பாதையில் இருபது நிமிடம் நடந்து, கம்பிவேலிக்குள் நின்ற மழைமானியைத் திறந்து, புனலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலை எடுத்து, அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். வளப்பூர் நாட்டுப் பக்கம் சரியும் அந்த மலைமுகம் முழுவதற்கும் இருந்தது அந்த ஒரு மானிதான்.

வந்த புதிதில் ஒழுங்காகத்தான் போனாள். போகாமல் இருக்க அவளிடம் காரணம் ஏதும் இல்லை. தூர தேசத்து நாவல்களைத் தமிழில் படித்துப் படித்து, பனியும் ரயிலும் உள்ள ஊர்களில் பாதி வாழ்ந்து வளர்ந்தவளுக்கு, மூடுபனியில் தனியாக மேடேறுவதே ஒரு அத்தியாயம் மாதிரி இருந்தது. குவார்ட்டர்ஸ் சுவரில் ஆறு வண்ணங்களில் கால அட்டவணை ஒன்று எழுதி ஒட்டியிருந்தாள். விடிகாலை நாவல். பிறகு வயலின், சர்ச் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டது. எட்டரைக்கு மழை. மாலையில் மரக்கட்டையைச் செதுக்கி மை தடவி அச்செடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கேமராவை எடுத்துக்கொண்டு மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் படம் பிடிப்பது. தூக்கம் வராத நேரத்துக்கென்று ஒரு மொழிபெயர்ப்பு. எதை எடுத்தாலும் அவளுக்கு வந்தது. வினையே அதுதான். எல்லாமே பாதி வரைக்கும் வந்தது.

"போன வாரம் பிடிலு, இந்த வாரம் கட்டை செதுக்கற. அடுத்த வாரம் என்ன கண்ணு, பிளேன் ஓட்டுவியா?" என்பாள் ஆத்தாயி. கீழே கரும்பாறைப்பட்டியிலிருந்து தினமும் பால் கொண்டுவருகிறவள்; பண்ணையில் களையெடுக்கவும் வருவாள். நாற்பது வயதிருக்கும். தூக்குவாளியை வாசற்படியில் ணங்கென்று வைத்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

அந்த வருஷம் ஆடியில் சென்னையிலிருந்து ஒரு கார்டு வந்தது. பிரிசில்லா அனுப்பிய முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த பதிப்பாளர் ஒருவர், 'முழுவதும் எழுதி அனுப்புங்கள். இது ஒன்றை மட்டும் செய்யுங்கள்' என்று எழுதியிருந்தார். கடைசி வரியை அவள் பல தடவை படித்தாள். யாரோ தோளைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. அன்றைக்கே வயலின் பெட்டிக்குப் போனது. மறுவாரம் உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். கேமராவை, பார்க்க வந்த அம்மாவிடமே கொடுத்து அனுப்பினாள். மொழிபெயர்ப்புக் காகிதங்களை அடுப்பில் போட்டபோது கொஞ்சம் அழுகை வந்தது; ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு வண்ணத்தையும் அடிக்க அடிக்க உடம்பு லேசாவதையும் உணர்ந்தாள். கடைசியில் சுவரில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. நாவல், மழை. விடிகாலையில் வாக்கியங்கள் ஒன்றையொன்று கைபிடித்து வரத் தொடங்கும் நேரத்தில், எட்டு மணிக்கு, அந்த மழை அவளைப் பிடித்து எழுப்பியது. ஐப்பசி பிறந்து பாதை சேறானதும் அதையும் ஒரு கோடு போட்டு அடித்தாள்.

முதலில் கூரைச் சத்தத்தைக் கேட்டு எழுதினாள். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கும் மில்லிமீட்டருக்கும் உள்ள உறவு தனக்குத் தெரியும் என்று நம்பினாள். நான்கைந்து நாள் மேட்டுக்குப் போய் ஒத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. பிறகு ஒத்துப் பார்ப்பதும் நின்றது. பிறகு சத்தத்தைக் கேட்பதும் நின்றது. அத்தியாயம் கனமாக இருந்த நாட்களில் நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. நாயகி ஜன்னலைத் திறக்கும் நாளில் மூன்று புள்ளி இரண்டு. மழை அளவு அறுபத்தைந்தைத் தாண்டினால் அன்றைக்கே செம்மேட்டுக்குப் போய் போன் செய்து சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். அதனால் பிரிசில்லாவின் மழை ஒருபோதும் அறுபதைத் தாண்டவில்லை. நாவலில் ஒரு பக்கத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மழை மட்டும் திருத்தமே இல்லாமல் வந்தது. சில நாள் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, மழை ஏறி இறங்கி அடங்கி மறுபடி எழும் விதத்தைப் பார்த்து, தன் கைக்கு இவ்வளவு தெரியுமா என்று அவளே அசந்துபோவாள். ஒரு நாள்கூட விடாமல் அவள் தொடர்ந்து எழுதியது அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஐந்து மாசியில் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் அர்த்தனாரி, தடுப்பணை கட்டும் பிரிவில் இன்ஜினியர். கரும்பாறைப்பட்டிக்கு மேலே ஓடையை மறித்து ஒரு கரை போடுகிறார்களாம். மழைக் கணக்கு வேண்டும் என்று பதிவேட்டை வாங்கிப் புரட்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு நாள் விடலியே! மத்த எடத்துல எல்லாம் போயிப் பாத்தா பாட்டிலுக்குள்ள தவள குடியிருக்குதுங்க. நோட்டைக் கேட்டா கரையான் தின்னுபோச்சுங்கறான். உங்களைக் கூட்டிட்டுப் போயி காட்டோணும் அவனுகளுக்கு."

பிரிசில்லாவுக்குக் காது மடல் சூடானது. சிரித்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு விரலால் கட்டங்களை மேலிருந்து கீழாகத் தடவினார். "ஆனா பாருங்க, ரெண்டு ஐப்பசி போயும் ஒரு நாக்கூட அறுவதத் தாண்டல. கொல்லிமலைல இவ்வளவு சாதுவாவா மழை பேயுது?"

அறையில் ஒரு ஈ பறந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"இந்தச் சரிவுல கம்மிதான் சார்."

"நல்லதாப் போச்சுங்க. தண்ணி வெளியேற கலிங்கு பதினஞ்சடி வைக்கோணும்னு நெனச்சேன். ஆறடி போதும். மிச்சக் கல்லக் கொண்டு கரைய ஒசத்தீட்டா ரெண்டு போகத்துக்குத் தண்ணி நிக்கும் அந்தச் சனங்களுக்கு." தாள் தாளாக நகல் எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பாலோடு வந்த ஆத்தாயி அந்தப் பேச்சைத்தான் பேசினாள். "கரை கட்டினா நெல்லு நடலாங்கறாரு எங்கூட்டுக்காரரு. இப்பவே ஓடையோரமா ஒரு ரூமு எடுக்க மண்ணு கொழைக்க ஆரம்பிச்சிட்டாரு. போன ஐப்பசி பயமெல்லாம் இனி இல்லியாமா. ஓடைய மறிச்சிருவாங்களாமுல்ல."

"போன ஐப்பசில என்னக்கா?"

"உனக்குத் தெரியாதா? மழைய அளக்கறவ நீதான! தீபாவளிக்கு மொத வெள்ளிக்கெழம. ஓடையில தண்ணி எரும முதுவு மட்டும் வந்துச்சு சாமி. பட்டியோட ரெண்டு ஆட்ட இழுத்துட்டுப் போயிருச்சு. நாங்க பாறை மேல ஏறி நின்னு பாத்துட்டே இருந்தோம். அன்னைக்குப் பாலு வரலியே, மறந்துட்டியா?"

அவள் போன பிறகு பிரிசில்லா பதிவேட்டைத் திறந்தாள். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பதினெட்டு புள்ளி இரண்டு. அந்த நாள் ஞாபகம் இருந்தது. நாயகனும் நாயகியும் பாலத்தில் சந்திக்கும் இடம். தூறல் விட்டு வானம் வெளுக்க வேண்டியிருந்தது. கூரையில் விழுந்த இரைச்சலில் வாக்கியம் காதில் விழவில்லை என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எழுதினாள்.

அன்றைக்கே அர்த்தனாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'ஐயா, தங்களிடம் கொடுத்த மழை அளவுகள் உண்மையானவை அல்ல' என்று தொடங்கியது. ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வேலை போவது தெரிந்தது; அப்பாவின் பெயரில் வந்த வேலை; பாலக்கரை வீட்டில் அம்மா நடையில் நின்று, "என்னடி பண்ணித் தொலைச்சே?" என்று கேட்பது தெரிந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்பதையாவது சொல்ல வேண்டுமே என்று இன்னொரு தாளை எடுத்தாள். 'மழையை வீட்டுக்குள்ளிருந்தே கேட்டுவிடலாம் என்று நம்பிய ஒருத்தி எழுதுவது' என்று அது தொடங்கியது. நல்ல வரி. கடிதத்தில் வீணாகப் போகிறதே என்று தோன்றியது. அதை எடுத்துப் பதினான்காம் அத்தியாயத்தின் ஆரம்பத்தில் வைத்தாள். கடிதத்துக்கு வேறு வரி தேட வேண்டியிருந்தது.

இந்த அத்தியாயம் முடியட்டும் என்று பங்குனி போனது. சித்திரையில் லாரிகள் வந்து கல் இறக்கின. வைகாசியில், "கரை ஆளுசரம் வந்திருச்சு கண்ணு" என்றாள் ஆத்தாயி. ஆடியில் அது தென்னை உயரம் என்றாள். சிரித்துக்கொண்டே, "செரி, பாதித் தென்னை" என்றாள். பதிப்பாளரிடமிருந்து இன்னொரு கார்டு வந்தது. நாவல் தைக்குள் வராவிட்டால் புத்தகம் அடுத்த வருஷம்தான். மேசையில் நாவலின் கட்டு ஒரு பக்கமும் முடியாத கடிதங்களின் கட்டு ஒரு பக்கமும் வளர்ந்தன. மாசியிலிருந்து பிரிசில்லா ஒரு நாள் தவறாமல் மேட்டுக்கு ஏறினாள். கோடையில் பாட்டில் காய்ந்து கிடந்தது. சைபர், சைபர், சைபர் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். எல்லாம் நிஜமான சைபர்கள். அவை எதையாவது ஈடுகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐப்பசி மூன்றாம் வாரம் நாவல் முடிந்தது. கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்தபோது மத்தியானம் மூன்று மணி. நாளைக்கு முதல் வேலை கடிதம், ஒரே வரி, என்று தீர்மானமாக நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

மழை அன்று விடவில்லை. விடிந்தும் விடவில்லை. எட்டு மணிக்குத் தூக்குவாளிச் சத்தம் கேட்கவில்லை. குடையைப் பிரித்துக்கொண்டு, பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேடேறினாள். பாதையே வாய்க்காலாக இறங்கி வந்தது. மானியைத் திறந்தபோது பாட்டில் நிரம்பி, வெளிச்சட்டியும் தளும்பிக்கொண்டிருந்தது. அளவுக் கண்ணாடி ஒன்றுக்கு இருபது மில்லிமீட்டர். ஊற்றிக் கொட்டினாள். மூன்று. நான்கு. ஐந்து. எட்டாவது கண்ணாடியைக் கொட்டிய பிறகும் சட்டியில் தண்ணீர் இருந்தது. பதிவேட்டைப் பிரித்தாள். அந்தக் கட்டத்தில் புள்ளிக்கு முன்னால் மூன்று இலக்கம் இதுவரை எழுதப்பட்டதே இல்லை. நூற்று அறுபது என்று தொடங்கும்போதே மை ஊறிப் பரவி, எண் எதுவென்று தெரியாமல் போனது.

பதிவேட்டை அங்கேயே போட்டுவிட்டு, வேலியின் மறுபக்கம் கரும்பாறைப்பட்டிக்கு இறங்கும் பாதையில் ஓடினாள். குடை எங்கேயோ விழுந்தது. பாறை திரும்பும் இடத்தில் மூடுபனி ஒரு நிமிடம் விலகியது.

கீழே கரை தெரிந்தது. புது மண்ணின் சிவப்பு. அதற்கு இந்தப் பக்கம் காப்பி நிறத்தில் தண்ணீர், அசையாமல், தாம்பாளத்தில் ஊற்றிவைத்தது போல விளிம்பு வரைக்கும் நின்றது. ஓரத்தில் ஆறடி வாய் விக்கி விக்கித் துப்பிக்கொண்டிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம், அடியில், ஒன்பது வீடுகள். ஓடையோரத்தில் பூசாத சுவரோடு ஒரு புது ரூம். ஓடு வழியாக அடுப்புப் புகை கசிந்தது.

"அக்கா! ஆத்தாயி அக்கா! மேல ஏறுங்க!"

மழை அதை அப்படியே வாங்கிக்கொண்டது. மறுபடி கத்தினாள். மறுபடியும். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. கையைப் புருவத்தின் மேல் வைத்து மலையைப் பார்த்தது. பிறகு உள்ளே போனது. ஆத்தாயிதான், புரிந்துவிட்டது, எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வரப்போகிறாள் என்று பிரிசில்லா நினைத்தாள்.

ஆத்தாயி திரும்பி வந்தபோது தலையில் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டிருந்தாள். கையில் தூக்குவாளி. அதை உயரத் தூக்கி இரண்டு தடவை ஆட்டிக் காட்டினாள். பாலுக்கு இத்தனை அவசரமா, இதோ வாரேன் என்று அவள் சொல்வது கேட்காமலே கேட்டது. பிரிசில்லா வேண்டாம் வேண்டாமென்று கைகளை வீசினாள். ஆத்தாயியும் விளையாட்டாக ஒரு கையை வீசினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். மேலே வரும் பாதை கரையின் அடியை ஒட்டித்தான் வந்தது.

பிரிசில்லா சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். எழுந்து நிமிர்ந்தபோதெல்லாம் கீழே அந்தச் சாக்கு முக்காடு நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. வாளி மட்டும் நடைக்கு நடை மின்னியது. அதற்கு நேர் மேலே, கரையின் சிவப்பு விளிம்பில், யாரோ பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய நீர்க்கோடு கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.