பிடித்து வைத்த இடம்

நூற்று எண்பத்தைந்து டாலர். ஷ்யாமளா அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. என் மகள் வெண்பாவை பேஸ்பாலில் சேர்த்ததற்கான கோடைக் கட்டணம்.

அக்காவும் அவர் வீட்டுக்காரர் பிச்சுமணி சாரும் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேயில் அந்த பேஸ்பால் லீகை நடத்துகிறார்கள். பேட்டையே தொட்டிராத பிள்ளைகளுக்கானது. நடத்துகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் ஜெயித்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. ரப்பர் கம்பத்தின் மேல் பந்தை வைத்துவிடுவார்கள். பிள்ளை அதை அடித்துவிட்டு ஓட வேண்டும். நம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வியாதி. அப்பாக்கள் வீட்டில் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதனால் பேட்டையும் தூக்கிக்கொண்டே ஓடும்.

"போட்டுட்டு ஓடு! பேட்டைப் போட்டுட்டு ஓடு கொழந்தே! அதை ஆத்துக்கா எடுத்துண்டு போப்போறே?" என்று கத்திக் கத்தியே பிச்சுமணி சாருக்குத் தொண்டை கட்டிவிடும்.

நான் பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம் அரிசி மூட்டை இறக்குகிறவன். என் மனைவி சாந்தாமணி இன்ஜினியர். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு. அவளிடம் கேட்டிருந்தால் அந்தப் பணத்தை அப்போதே கட்டியிருப்பாள். ஆனால் வெண்பாவின் விளையாட்டுக்கு நான்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நான் கட்டுகிறேன் என்று சொல்ல எனக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

மொத்தமாகக் கொடுக்க முடியாது என்று தயங்கியபோது அக்காவே ஒரு வழி சொன்னார்.

"மைதானத்துல வெள்ளைக் கோடு போட ஆளில்லாம திண்டாடறோம். சனிக்கிழமை கார்த்தால வந்து போட்டுடுங்கோ நஞ்சப்பன். ஒவ்வொரு தடவையும் இருபது டாலர் கழிச்சுக்கறேன்."

முதல் இரண்டு சனிக்கிழமை வெண்பாவும் கூட வந்தாள். நான் சுண்ணாம்புப்பொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, கோடு அழியாமல் ஒட்டினாற்போல் பின்னாலேயே நடந்து வருவாள். அவளும் பேட்டைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். என் பிழை. வீட்டுப் பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆடும்போது நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முன்னால் சாந்தாமணி அவளை அழைத்துக்கொண்டு டெக்சஸ் போய்விட்டாள். அங்கே சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு எண்ணெய் கம்பெனியில் அவளுக்கு வேலை. "நீங்க இங்கயே இருந்துக்கங்க. நாங்க அங்க இருந்துக்கறோம்" என்றாள். சத்தம் போடவில்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். அவள் துணி மடிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

அந்த வாரமும் கோடு போடப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வெண்பா எங்கே? ஊருக்குப் போயாச்சா?"

ஜூன் கடைசியில் இங்கே எந்தப் பிள்ளையைக் காணாவிட்டாலும் ஊருக்குப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அம்மாவும் பிள்ளையும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். அப்பா இங்கே பிரெட்டைச் சுட்டுத் தின்றுகொண்டு வேலைக்குப் போவார். அதற்காகவே அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு வாரம் வராத பிள்ளையின் இடத்தை வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போன பிள்ளைக்கு மட்டும் விலக்கு. இங்கே இருக்கிற அப்பா மைதான வேலைக்குத் தவறாமல் வந்தால், பிள்ளை திரும்பி வரும்வரை இடம் அப்படியே இருக்கும்.

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. முந்தின நாள் லாரி வந்து தோள் இற்றுப்போயிருந்தாலும் விடியும்போது மைதானத்தில் இருப்பேன். நான் கோடு போடுகிறவரை அவள் டீமில் இருக்கிறாள். டீமில் இருக்கிறவள் விளையாட வந்துதானே ஆக வேண்டும். என் புத்தி அதைத் தாண்டிப் போகவில்லை.

கடன்தான் பயமுறுத்தியது. வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்த பிறகு நான் எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்பது? ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்.

"இந்த வாரம் கழிக்காதீங்கக்கா. கோடு கோணலாப் போயிருச்சு."

பிச்சுமணி சார் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எங்கேய்யா கோணல்? நூல் பிடிச்சாப்ல இருக்கு. உலகத்துலயே கடன் தீரப்படாதுன்னு வேண்டிக்கற ஒரே மனுஷன் நீர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வசந்தாமணி என்றொரு பொள்ளாச்சிக்காரப் பெண். அவள் மகள் அதிதிதான் வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருந்தாள். வாரா வாரம் இடம் கிடைக்கும் என்று கூட்டி வருவாள். கிடைக்காது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

"ஏனுங்கண்ணா, உங்க பாப்பா எப்பங்க வருது?" என்று என்னிடம் கேட்டாள்.

"வந்துருவாங்க."

"கோவிச்சுக்காதீங்க. இவ ராத்திரி பேஸ்பால் தொப்பியப் போட்டுட்டே தூங்கறா. அதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது அந்தக் குழந்தையின் தொப்பி கண்முன் வந்தது. வெண்பாவும் வருவாள், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். அந்த ஞாயிறு சாந்தாமணிதான் முதலில் வந்தாள்.

"ஏனுங்க, ஷ்யாமளாக்கா மெசேஜ் போட்டிருக்காங்க. 'ஊர்ல வெயில் எப்படி, வெண்பா இடம் பத்திரமா இருக்கு'ன்னு. நான் என்னன்னு பதில் சொல்றது?"

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களா அவங்ககிட்ட?"

"பாப்பா வந்தா இடம் வேணுமில்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவகிட்டயே கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

வெண்பாவின் தலைமுடி ஈரமாக இருந்தது.

"கண்ணு, பேஸ்பாலுக்கு வர்றியா? ஆகஸ்ட்ல டிக்கெட் போடறேன். கடைசி கேம் இருக்குது. அப்பா உன் எடத்த அப்படியே வெச்சிருக்கறேன்."

"அப்பா, ஐ'ம் இன் ஸ்விம் டீம் நவ்." அவள் சந்தோஷமாகச் சொன்னாள். "ஐ கேன் டூ பட்டர்ஃப்ளை! யு வான்ட் டு ஸீ?"

சோபாவின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினாள். போன் கீழே சாய்ந்து கொஞ்ச நேரம் கூரைதான் தெரிந்தது. நான் கூரையைப் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்றேன்.

பிறகு முகம் திரும்பி வந்தது. "யு கேன் கிவ் மை ஸ்பாட் டு சம்படி, அப்பா. இட்ஸ் ஓகே."

சொல்லிக்கொடுத்துச் சொன்ன மாதிரி இல்லை. நல்ல மனசோடு, அவளாகவே சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை கோடு போட்டு முடித்துவிட்டு அக்காவிடம் போனேன்.

"வெண்பா பேர எடுத்துருங்கக்கா."

"ஏன், ஊர்லேர்ந்து வர லேட்டாகுமா?"

"ஊருக்குப் போகலீங்க. சுகர் லேண்ட்ல இருக்கறாங்க. இனி அங்கயேதானுங்க."

ஹெல்மெட் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த பிச்சுமணி சார் நிமிர்ந்தார். "அட, இதை முன்னாடியே..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கோ" என்றார் அக்கா. அவர் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. எப்போதிருந்து என்றும் கேட்கவில்லை. என் அனுமதி வேண்டும் போல மெதுவாகக் கேட்டார். "அப்போ அந்த இடத்தை அதிதிக்குக் கொடுக்கட்டுமா?"

"குடுங்கக்கா."

வேலிக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி இரண்டு கையையும் கூப்பினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகுதுங்கண்ணா! உங்க பாப்பா வந்ததும் ரெண்டும் சேர்ந்து ஆடட்டும்."

"ஆகட்டும்மா" என்றேன்.

அதிதி உள்ளே ஓடிப்போனாள். நான் சுண்ணாம்புப்பொடி வண்டியைத் துடைத்து வைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"பாக்கி எண்பத்தஞ்சு நிக்குதுங்கக்கா. சீசன் முடியறவரைக்கும் வந்து கோடு போட்டுக் கழிச்சர்றேன்."

"கொழந்தை பாதிகூட ஆடலை நஞ்சப்பன். அதை நான் வாங்கிக்க மாட்டேன்."

"பரவால்லீங்க, இருக்கட்டும். நான் வர்றேன்."

"வேண்டாம்." அக்கா என் தோளைத் தொட்டார். "வாரம் பூரா மூட்டை தூக்கறேள். சனிக்கிழமையாவது நன்னா தூங்குங்கோ. கடனெல்லாம் தீர்ந்தாச்சு."

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். நான் சரிங்கக்கா என்றேன்.