அட்டைப்படத்துக்கு வைத்த குங்குமம்

பதினாலு வருஷத்தில் உலகம்மைக்குத் தன் புருஷனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வந்தது. நடை ஞாபகம் இருந்தது. தோளில் துண்டு கிடக்கும் விதம், வெற்றிலை போட்டதும் தொண்டையைச் செருமுகிற சத்தம், எல்லாம் இருந்தன. முகத்தை நினைக்கப் போனால் மட்டும் யார் யாருடைய மூக்கோ கண்ணோ வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிற வழக்கமெல்லாம் தோவாளைப் பக்கம் ஏது? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பாழாய்ப்போன இந்த மனசு அடங்கும் என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கோமதிநாயகம் பிள்ளையின் மொத்த மளிகைக் கடையில் அவளுக்கு வேலை. பழைய காகிதத்தை மடித்து, மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை தடவி, மிளகும் சீரகமும் போட்டுக் கொடுக்கக் கூடு ஒட்டுவாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு, “கொளும்புல இருக்காரு” என்று சொல்லிவைத்திருந்தாள். பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் பேரை எந்தப் பெண்பிள்ளை வாய்விட்டுச் சொன்னாள், இவளிடம் போய்க் கேட்க? அதுவும் ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று.

ஏனென்றால் அந்தப் பேர் கோலப்பன். கோட்டாற்றுச் சந்தையில் காளையை விற்றுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், கூடு ஒட்டக் கையிலெடுத்த ஒரு கிழிந்த பேப்பரில்தான் அவளுக்குச் சங்கதி தெரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பாரவண்டிகளை மறித்துக் கொள்ளையடிக்கிறவன் பேர் கோலப்பனாம், தோவாளைக்காரனாம், வலது கையில் ஆறு விரலாம். வேறு எவனாக இருக்க முடியும்? பக்கத்தில் ஆள் இருந்ததால் அவள் அழவில்லை. அந்தக் காகிதத்தையும் மடித்து ஒட்டினாள். அதில் யாரோ வெந்தயம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ‘அனந்தை விநோதன்’ பத்திரிகையின் தீபாவளி மலர் வந்தது.

தீபாவளி மலர் என்றால் அட்டையில் சாமிதான் இருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலை அக்கிரகாரத்திலும் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் கதையையும் கட்டுரையையும் யார் படித்தார்கள்? அட்டையைப் பிரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டத்தான் பாதிப் பேர் மலர் வாங்கினார்கள். ஒரு வருஷம் லக்ஷ்மி, ஒரு வருஷம் முருகன் என்று ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அந்த ஆசிரியருக்கு என்ன கிரகம் பிடித்ததோ, கணவாய்க் கோலப்பனைப் போட்டுவிட்டார்.

கோலப்பன் அந்தச் சித்திரையில் பிடிபட்டு, தீர்ப்பும் ஆகி, பாளையங்கோட்டை ஜெயிலில் கிடந்தான். கார்த்திகைக்குள் தூக்கு என்று பேச்சு. ஊரெல்லாம் அவன் பேச்சாக இருக்கிறதே, நாலு பிரதி கூட விற்கட்டும் என்று ஆசிரியர் நினைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர்கள் எடுத்த போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, மேலே சிவப்புத் தலைப்பாகையும் கீழே வெள்ளைக் குதிரையும் வரையச் செய்து, மூன்று வர்ணத்தில் அடித்திருந்தார். குதிரை பொய், தலைப்பாகை பொய். முகம் மட்டும் நிஜம்.

வலியசாலையில் சர்க்கார் கச்சேரி குமாஸ்தா பஞ்சாபகேசனின் அம்மா லலிதாம்பாளுக்குக் கண்ணில் புரை. மலர் வந்ததும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். மீசை தெரிந்தது, குதிரை தெரிந்தது. அவர்கள் குலதெய்வம் திருநெல்வேலிப் பக்கத்தில் குதிரையேறி நிற்கும் சாஸ்தா. பிறகென்ன சந்தேகம்? பூஜை அறையில் வைத்து, சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் அப்பி, மூன்று நாள் விளக்கேற்றிச் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் பண்ணினாள். மூன்றாம் நாள் பஞ்சாபகேசன் சாஷ்டாங்கமாக விழுந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு எழுந்திருக்கும்போதுதான் கீழே பொடி எழுத்தில் இருந்த பேரைப் படித்தார்.

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. பத்திரிகை ஆபீஸ் கண்ணாடியெல்லாம் உடைந்தது. ஆசிரியர் பின்வாசல் வழியாகக் கொல்லத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். மலர் வாங்கியவர்களெல்லாம் அட்டையைப் பிய்த்துக் கொண்டுவந்து கோமதிநாயகம் பிள்ளை கடை வாசலில் எறிந்தார்கள். அங்கே எறிந்ததற்குக் காரணம் இருந்தது. பிள்ளையின் மச்சான் தாணு பாரவண்டியோடு போனபோது கணவாயில் வெட்டுப்பட்டு இடது கையை இழந்தவர். கோர்ட்டில் சாட்சி சொன்னவரும் அவர்தான். கடை முகப்பில் ஒற்றைக் கையோடு உட்கார்ந்திருப்பார். வருகிற போகிற எல்லாரும் அந்தத் தொங்கும் சட்டைக் கையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

“மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்துங்க வேய்!” என்று ஒருவர் கத்தினார்.

“கொளுத்தவா?” என்றார் கோமதிநாயகம் பிள்ளை. “அவனுக்குக் கொள்ளி வைக்க நாம என்ன அவன் பெத்த பிள்ளையளா? ஒருத்தரும் தீக்குச்சி எடுக்கப்பிடாது, கேட்டுதா?”

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அத்தனை பேர் கோபமும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தெருவில் நின்றது. பிள்ளையே வழி சொன்னார்.

“கூடு ஒட்டுவோம். மூஞ்சி உள்பக்கமா வரட்டு. அதுக்குள்ள வத்தப்பொடியப் போட்டு விப்போம். கண்ணு எரியட்டு அவனுக்கு!”

ஊரே கைதட்டியது. அந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று கிளம்பியவர்கள், அதை வீட்டுக்கு வீடு அடுக்களை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு பண்ணிவிட்டு, திருப்தியாகக் கலைந்து போனார்கள். அவர்களுக்கு அது தோன்றவே இல்லை!

குவியல் கடையின் பின்கட்டுக்கு வந்து உலகம்மை முன்னால் விழுந்தது.

முதல் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதே முகம். அட, இந்த மூக்கையா மறந்தேன்? இடது புருவத்தில் அந்த வெட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறு அறுந்து அடித்தபோது பட்டது. அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கன்னம் ஒட்டியிருந்தது. மீசை நரைத்திருந்தது. சாப்பாடு யார் போட்டார்களோ, எங்கே படுத்தானோ, பாவி. இத்தனை வருஷமும் எங்கேயோ நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் மாதிரி நேராகப் பார்த்தான்.

“என்ன பிள்ளே, பேயறைஞ்ச மாதிரி இருக்க? மடி, மடி” என்றார் முன்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த கோமதிநாயகம் பிள்ளை.

மடித்தாள். நெற்றி ஒரு மடிப்பில் போயிற்று, வாய் இன்னொரு மடிப்பில். ஒவ்வொரு அட்டையிலும் விரலால் அந்தப் புருவத்தைத் தடவிவிட்டுத்தான் பசையைத் தொட்டாள். அவன் நல்லவன் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. தாணுவின் கை அவள் கண்முன்னால்தானே தினமும் இருந்தது. ஆனாலும் ஏக்கத்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியுமா?

குவியலின் அடியில் ஒரு அட்டை வேறு மாதிரி இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நெற்றி நடுவில் குங்குமம், மூலையில் ஒரு சொட்டு நெய்க்கறை. ஊரில் ஒருத்தி இவருக்கு விளக்கேற்றியிருக்கிறாள்! தெரியாமல்தான் ஏற்றினாள், இருந்தாலும் ஏற்றினாளே. உலகம்மை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைத் தன் மணைப்பலகைக்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் பஞ்சாபகேசன் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

“பிள்ளைவாள், ஒரு சங்கடம். எங்காத்து அட்டையக் கிழிக்கப்படாதாம். மூணு நாள் பூஜை பண்ணினது, தெரியாமப் பண்ணினாலும் பூஜை பூஜைதான்னு எங்க புரோகித வாத்யார் சொல்றார். ஆத்துல கரைக்கணுமாம். குங்குமம் இருக்கும், தேடிக் கொடுங்கோ.”

கோமதிநாயகம் பிள்ளை பின்கட்டுக்கே வந்தார். தாணுவும், அம்மாவோடு பஞ்சாபகேசனும் கூட வந்தார்கள். ஒட்டிக் காய்ந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பார்த்தார்கள். முகம் முகமாக வந்தது, குங்குமம் வரவில்லை.

“உலகம்மே, குங்குமம் வச்ச ஒண்ணு வந்துதே, எங்க?” என்றார் பிள்ளை.

பலகையை விட்டு உலகம்மை எழுந்திருக்கவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வேலை நிற்கும், மானம் நிற்கும், படமும் நிற்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயைத் திறந்தபோது, பிரித்துப் போட்ட கூடுகளிலிருந்து அத்தனை கோலப்பனும் அவளைப் பார்த்தார்கள். கார்த்திகைக்கு இன்னும் எத்தனை நாள்? ஆள் உயிரோடு இருக்கும்போது படத்தை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று திடுக்கென்றது.

எழுந்தாள். பலகையை நகர்த்தி அட்டையை எடுத்து நீட்டினாள்.

“அண்ணாச்சி, எனக்க மாப்பிள்ளை கொளும்புல இல்ல. பாளையங்கோட்டையில இருக்காரு.”

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பஞ்சாபகேசன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிள்ளையின் முகம் சிவந்தது.

“என் உப்பத் தின்னுக்கிட்டு… என் மச்சான் கைய வெட்டினவனுக்க பெண்டாட்டியா நீ?”

“ஆமா.” அவள் தாணுவைப் பார்த்தாள். “ஒங்க கைய நான் தினமும் பாத்துட்டுதான் இருக்கேன், அண்ணாச்சி. அவரு நல்லவருன்னு சொல்ல வரல்ல. எனக்கு மொகம் மறந்து போச்சு, அதான் எடுத்து வச்சேன். இப்பம் வேண்டாம், கொண்டு போங்க. நான் ஆளையே போய்ப் பாத்துக்கிடுதேன்.”

“போ! இனி இந்தக் கடைப் படி ஏறாதே!” என்று கத்தினார் பிள்ளை.

அட்டையை வாங்க யாரும் கை நீட்டவில்லை. லலிதாம்பாள்தான் சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தாள். உலகம்மையின் கையைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டாள்.

“அம்மா, வேண்டாம்” என்றார் பஞ்சாபகேசன்.

“நீ சும்மா இரு. விளக்கேத்தினவ நான்.” அட்டையை அவள் உலகம்மையின் கைக்குள்ளேயே வைத்து மூடினாள். “ஆத்துல கரைக்கணும்னுதானே சொன்னார் வாத்யார்? தாமிரவருணியும் ஆறுதான். நீ எடுத்துண்டு போ. அவன்கிட்டக் காட்டு. தப்பாவோ சரியாவோ, ஒரு கிரஹத்துல மூணு நாள் ஒனக்கு விளக்கு எரிஞ்சுதுன்னு சொல்லு. அப்பறம் கரைச்சுடு.”

உலகம்மைக்குக் கண்ணீர் அப்போதுதான் வந்தது. பதினாலு வருஷத்துக் கண்ணீர், நிற்கவே இல்லை.

கடைப் படியிறங்கும்போது பின்னாலிருந்து தாணுவின் குரல் கேட்டது. அவர் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஜெயில் வாசல்ல யாரைப் பாக்கணும்னு கேப்பான். பேரச் சொல்லணும். வாயப் பொத்திக்கிட்டு நின்னா உள்ள விடமாட்டான்.”

மறுநாள் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உலகம்மை அந்தப் பேரைச் சொல்லிப் பழகினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பேர். பாலராமபுரம் போயிற்று, நெய்யாற்றின்கரை போயிற்று. மடியில் அட்டை இருந்தது. பக்கத்தில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு எலிசாள் என்று ஒருத்தி, தக்கலையில் இறங்க வேண்டியவள், தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

குழித்துறைப் பாலத்தில் பஸ் ஏறியபோது அது வந்துவிட்டது. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

“கோலப்பன்!”

எலிசாள் விழித்துக்கொண்டாள். “ஆரு மக்ளே அது?”

“எனக்க மாப்பிள்ளை” என்றாள் உலகம்மை. “பாத்து ரொம்ப நாளாச்சு.”