அண்ணனின் வயிற்றுக்கு இரண்டு முடிவுகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒரே மனிதனின் வயிற்றுக்குள் இரண்டு டாக்டர்கள் வேலை செய்வதை வீடியோவில் பார்த்தேன். ஒருவர் வாய் வழியாக விட்ட என்டோஸ்கோப்பிக் குழாயோடு இரைப்பைக்கு உள்ளே. இன்னொருவர் வயிற்றில் போட்ட சின்னத் துளைகள் வழியாக இரைப்பைக்கு வெளியே. நடுவில் இரைப்பையின் சுவர் மட்டும்தான். ஒரு தடவைகூட இருவரும் குரலை உயர்த்தவில்லை. நானும் என் பதிப்பாசிரியரும் ஒரு காற்புள்ளிக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அந்த வயிறு என் அண்ணனுடையது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வாசகரை ஏமாற்றிவிட்டேன் என்று பேச்சு வரும்.

2

முதல் தொடக்கம்: 'விளக்குகள் எரிந்தன. கத்தி மின்னி—'

(விட்டுவிட்டேன். கத்தி எதுவும் மின்னவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் விமான நிலையத்தில் அறிவிப்புக்குக் காத்திருப்பவர்களைப் போல இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'மனித வயிறு ஓர் இருண்ட குகை. அதனுள்—'

(அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "உங்கண்ணன் வயிறு குகையா? அதுல போட்டது எதுவும் திரும்பி வந்ததில்ல, கிணறுன்னு எழுது" என்றாள். அதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தில் அண்ணனே வந்துவிட்டான். அவனை வைத்துத் தொடங்குவதுதான் முறை.

3

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். நல்ல சாப்பாட்டுக்காரன். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள் அவன் வரிசைக்கு வரும்போது தோளை நிமிர்த்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவனின் இரைப்பையில், உணவுக்குழாய் வந்து சேரும் வாசலுக்குப் பக்கத்தில், சுவருக்குள் ஒரு கட்டி. இப்போதைக்குச் சாது, கடைசிவரை சாதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

பழைய வழி ஒன்று இருந்தது. இரைப்பையின் மேல் பாதியையே எடுத்துவிட்டு, மிச்சத்தை உணவுக்குழாயோடு தைப்பது. கட்டி நிச்சயமாகப் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். படுத்தால் புளித்தது மேலே ஏறும். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க முடியும்.

புது வழி இந்த இரண்டு டாக்டர்களும் சில காலமாக ஆராய்ந்துவருவது. உள்ளேயிருப்பவர் கட்டியைச் சுற்றிக் கோடு போடுவார். வெளியேயிருப்பவர் அந்தக் கோட்டை நம்பி, கட்டியை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார். இரைப்பை மிஞ்சும், வாசலும் மிஞ்சும். அண்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவனுடைய முழு வயிறு.

"புதுசுன்னா, நம்ம மேல பழகறாங்கன்னு அர்த்தம்" என்றாள் அண்ணி.

"யாராவது ஒருத்தர் மேல பழகித்தானே ஆகணும்? என் கார்ல தினமும் அதுதான் நடக்குது" என்றான் அண்ணன்.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. உள்ளே வேலை செய்பவரை உள் டாக்டர் என்றும், வெளியே வேலை செய்பவரை வெளி டாக்டர் என்றும் வைத்துக்கொள்வோம். உள் டாக்டர் பேசவே மாட்டார். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். பேசாத ஆளை வைத்துக்கொண்டு கதாசிரியர் என்ன செய்வது? அதனால் அவருக்கும் வெளி டாக்டரம்மாவுக்கும் ஒரு சண்டை எழுதினேன். 'நான்தான் பெரியவன்' என்று அவர் கத்த, 'என் கையில்தான் கத்தி' என்று அந்தம்மா பதிலுக்குக் கத்த, நல்ல சூடான காட்சி. எழுதியதை வெளி டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். "நாங்க கத்த மாட்டோம்மா. கத்தினா கை ஆடும்."

"சண்டையே வராதா டாக்டர்?"

"வெளிய வந்து போடுவோம். உள்ள இருக்கும்போது ஒரே ஒரு விதி. ரெண்டு பேர்ல யாரு 'போதும்'னு சொன்னாலும் அந்த இடத்துலயே நிறுத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது. பழைய வழிக்கு மாறிடணும்."

"கேட்டா என்ன?"

"கேட்டா அவரு விளக்கம் சொல்லணும். விளக்கத்துக்கு நான் மறுப்பு சொல்வேன். நான் நல்லாப் பேசுவேன், அவருக்குப் பேச வராது. நானே ஜெயிச்சுடுவேன். அது ஆபத்து."

(அடிக்குறிப்பு போல ஒன்று: இப்படி யோசிக்கிறவர்களை நான் வணங்குகிறேன். தன் வாய்ச்சாமர்த்தியத்துக்குத் தானே வேலி போட்டுக்கொண்ட ஒருவரை, என் தொழிலில் இதுவரை சந்தித்ததில்லை.)

அண்ணன் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதே, முன்பு இந்த விதியைக் கேட்டுத்தான். "நம்ம ஸ்கூல் வண்டி மாதிரி, ரெண்டு பக்கமும் பிரேக்" என்றான். திருப்தியாக இருந்தான்.

சண்டைக் காட்சியை அடித்துவிட்டேன்.

5

வீடியோவில் வெளி டாக்டர் சொல்கிறார்: "என் லைட்ட அணைங்க."

திரை கறுப்பாகிறது. வயிற்றுக்குள் வெளிச்சமே இல்லை. பிறகு அந்தக் கறுப்பில் ஓர் இடம் மட்டும் மெல்லச் சிவந்து வருகிறது. உள் டாக்டர் இரைப்பைக்குள்ளிருந்து தன் விளக்கைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறார். டார்ச்சை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினால் விரல்கள் சிவக்குமே, அந்த மாதிரி. கட்டி அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல அவர் பயன்படுத்தும் மொழி அது. எதற்குமே பேசாத மனிதர் இதற்கு மட்டும் இவ்வளவு அழகாகப் பேசுகிறார். பார்த்தபோது கண்கலங்கிவிட்டேன். உயிரோடு இருக்கும் என் அண்ணன் உள்ளே விளக்கு வைத்த வீடு போல இருந்தான்.

"தெரியுது. வாசல்லேருந்து நல்லா தள்ளித்தான் இருக்கு" என்கிறார் வெளி டாக்டர். அவர் குரலில் சந்தோஷம். விளக்கு மறுபடி எரிகிறது. கருவி நெருங்குகிறது. இரைப்பையை விரிக்க உள்ளே நிரப்பியிருந்த காற்றை உள் டாக்டர் கொஞ்சம் இறக்குகிறார்.

பிறகு அவர் குரல்.

"போதும்."

வெளி டாக்டரின் கருவி அசையாமல் நிற்கிறது. அது நின்ற அந்த நேரத்தில் அந்தம்மா மனதுக்குள் என்ன சொல்லியிருப்பார் என்று நான் மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் கற்பனை. அவர் வாயால் சொன்னது இதுதான்:

"சரி. பழைய வழிக்குப் போறோம்."

6

அண்ணனின் மேல் வயிறு போய்விட்டது.

7

அண்ணிக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுதினால் அச்சகத்தில் எழுத்துக் கோக்க மாட்டார்கள். எனக்கும் கோபம்தான். அவர்களுக்குள் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி, எனக்கு என்ன விதி? உள் டாக்டரின் அறைக்கே போனேன். சின்ன அறை. மேசை மேல் குழாய்கள் வரைந்த தாள்கள், ஆறிப்போன காபி.

"ஏன் டாக்டர் நிறுத்தினீங்க?"

நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பலூனை எடுத்து ஊதினார். பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். "இது வாசல். இது கட்டி. எவ்வளவு தூரம் பாருங்க." காற்றை விட்டார். பலூன் சுருங்கச் சுருங்கப் புள்ளிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"காத்து நிரப்பியே அளந்துட்டோம்மா. எங்க தப்புதான். காத்த இறக்கினப்போ, கட்டி வாசல்லயே ஒட்டி இருக்கற மாதிரி தெரிஞ்சுது. வெட்டியிருந்தா தையல் பிடிக்காம வாசல் கசிஞ்சு, உயிருக்கே ஆபத்தா போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

"அப்போ சரியா தப்பா?"

"தெரியல. உங்கண்ணனுக்கு அது இனிமே தெரியப்போறதே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தெரியாததை மறைக்காமல், தப்பையும் சேர்த்து, இரண்டு டாக்டர்களும் நிறுத்திய ஆபரேஷன் என்றே எழுதி மற்ற டாக்டர்களுக்கு முன்னால் படித்தார்கள். இப்போதெல்லாம் காற்றை இறக்கிவைத்துத்தான் அளக்கிறார்கள். வாசலின் விளிம்பில் முதலிலேயே குறி வைத்துவிடுகிறார்கள். அண்ணனுக்குப் பிறகு, அதே இடத்தில் கட்டியோடு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். கட்டி மட்டும் போனது. வயிறு அப்படியே இருக்கிறது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். 'நிறுத்தத் தெரிந்தவர்களால்தான் அறிவு முன்னே—' என்று ஒரு கடைசி வரிகூடத் தயாராக இருந்தது.

8

அந்த வரியை எழுதும்போது அண்ணன் சாப்பாட்டு மேசையில் இருந்தான். முன்னால் குழந்தைகளுக்கு வைக்கிற தட்டு. பாதி முட்டை, ஒரு துண்டு ரொட்டி. ஒரு வாய் போட்டு, மென்று, காத்திருந்து, அடுத்த வாய். இடையில் என் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா புகழ்ந்திருக்க. புகழ வேண்டியவங்கதான்" என்றான். "பிரேக் போட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. நானும் போட்டிருப்பேன்."

"அப்புறம் என்ன அண்ணா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"இது கதைதானே?"

"ஆமா."

"அப்போ கதையிலயாவது என் வயித்த விட்டு வையேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படி எழுதினா அவரு நிறுத்தினதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். அப்புறம் அந்த டீச்சர்? உனக்கு நிறுத்தினதாலதானே அவங்களுக்கு..."

"டீச்சர் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நான் மனசாரச் சொல்றேன்." தட்டைத் தள்ளி வைத்தான். பாதி முட்டையில் பாதி மிச்சம் இருந்தது. "ஆனா எனக்குப் பசிக்குதும்மா. பசிக்குது, இறங்க மாட்டேங்குது."

அண்ணி சமையலறைக்குள் போய் வேலை எதுவும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

9

ஆகவே இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று, மேலே உள்ளபடி. உள் டாக்டர் நிறுத்தினார். பலூனின் பாடம் கிடைத்தது. ஆசிரியை நலம். அது உண்மை. அதை எழுதிய என் கை இன்னும் அவர்களை வணங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அதில் யாரும் நிறுத்தவில்லை. கட்டி மட்டும் போயிற்று. அண்ணன் வீட்டுக்கு வருகிறான். பெரிய தட்டு. ("பெருசுன்னா எவ்வளவு பெருசுன்னு எழுது.") நிறையச் சாப்பிடுகிறான். ("மறுபடி வைக்கச் சொல்லு.") அண்ணி முறைத்துக்கொண்டே மறுபடி வைக்கிறாள். ("முறைக்கறத எடுத்துடு. சிரிச்சுக்கிட்டே வைக்கட்டும்.") பலூனின் பாடம் கிடைக்காத இந்த முடிவில் ஆசிரியைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் உடனே வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், அவன் சாப்பிட்டு எழுந்துகொள்ளட்டும்.