ஹெட்போனுக்கு மட்டும்

வேலப்பன்சாவடி கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. முதல் வரிசையில் விக்ரம் உட்கார்ந்திருந்தான். "இந்த டொக்கு டொக்குக்கு ஞாயித்துக்கிழமையெல்லாம் வீணா?" என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் கீபோர்டைக் கரித்துக்கொட்டுகிறவன், இன்றைக்குத்தான் கேட்க வந்திருக்கிறான். அவன் வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும், மோகனப்பிரியாவுக்கு அவ்வளவுதான் ஆசை.

அவள் கீபோர்டுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. கட்டையை அழுத்தினால், எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்கிற தகவல் மட்டும் ‘மிடி’ என்கிற குறியீடாக லேப்டாப்புக்குப் போகும்; சத்தம் அங்கேதான் பிறக்கும். எந்தச் சேனலில் வந்ததை எந்த அவுட்புட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் குழுவை நடத்தும் வினோத் கையில்.

இரண்டாவது பாட்டின் இடையிசையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, விக்ரமுக்காகவே வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகியிருந்தாள். வாசித்தாள். காதை மூடிய ஹெட்போனில் தேனாக விழுந்தது. வியர்வை தாங்காமல் ஒரு பக்கத்தை விலக்கினாள். மண்டபத்து ஸ்பீக்கரில் பழைய இடையிசை பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் லேப்டாப் பக்கம் பாய்ந்தாள். அவள் சேனல் ஹெட்போனுக்கு மட்டும். ஸ்பீக்கருக்குப் போவது, அவளுக்கு முன்பு இருந்தவர் வாசித்துப் பதிந்துவைத்த சேனல்.

"என்ன வினோத் இது?"

"இன்னாக்கா, இதுக்குப் போய் டென்ஷன் ஆவறே? ரிகர்சல்ல உன்னுதத்தான் ஸ்பீக்கருக்கு உடறேன். ஸ்டேஜ்ல ஒரு நோட்டு தப்பாச்சுன்னா பார்ட்டி கத்துவாங்கோ. நீ சேந்ததுலேர்ந்து இப்டித்தான் ஓடிகினு கீது, எல்லார்க்கும் தெரியும். ஒரு பொம்பள நின்னு வாசிச்சா ஸ்டேஜு களையா கீது. அத்தோட உடு."

சேர்ந்ததிலிருந்து! அப்படியானால் இதுவரை தேடி வந்து பாராட்டியவர்களெல்லாம் யாரைப் பாராட்டினார்கள்?

அதற்குள் விக்ரம் மேடையோரம் வந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"பிரியா, நடுவுல வாசிச்சியே, அது... நான் தப்பா பேசிட்டேன்டி இத்தனை நாளா."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. இடையிசை வரும்போது இரண்டு கையையும் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். தானாக ஓடட்டும், வந்தவர்களெல்லாம் பார்க்கட்டும், வினோத் மானம் கப்பலேறட்டும்.

இடையிசை வந்தது. கையைத் தூக்கினாள். நிமிர்ந்து பார்த்தால், விக்ரம் பக்கத்தில் இருந்தவரிடம் அவளைச் சுட்டிக்காட்டியபடி, செல்போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தான்.

மோகனப்பிரியா கையைக் கட்டைமேல் வைத்து, ஸ்பீக்கரில் ஓடியதற்கு ஏற்ப விரல்களை அசைத்தாள்.